நேரம் இல்லை என்போர் கவனத்திற்கு

"இருட்டோடு எழுந்து, பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டிவிட்டு வருகிறோம். எங்களுக்கு உடற்பயிற்சி வேறு தேவையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வருபவருக்கு நடை போதும். வேண்டியதெல்லாம் முதுகை நிமிர்த்தச் சிறிது நேரம்.

ஆனால், அந்த வேலையை இன்று உங்கள் வீட்டில் எத்தனை பேர் செய்கிறார்கள்? தாத்தாவுக்கு ஜாகா வேலை, நாற்காலியே கதி. மகன் லாரி ஓட்டுகிறான். மகள் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் இருக்கிறாள். உழைப்பு மாறிவிட்டது; தட்டில் விழும் சோறு மட்டும் மாறவில்லை.

இதன் விளைவு என்ன? 2019ஆம் ஆண்டு மலேசியாவில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் நோய் இருப்பது தெரியவந்தது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும் நோய் இது. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும் அல்லவா?

வாரத்திற்கு 150 நிமிடம் வேக நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாளைக்கு அரை மணி நேரம். அதையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. எவ்வளவு சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும் என்பதே 2020இல் அது தந்த விளக்கம்.

தொடங்குவது எளிது, தொடர்வதுதான் பாடு. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நடையைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். வாரம் ஒரு ஷிப்டு மாறுபவருக்கு "மாலை ஆறு மணி" நிலைக்காது. குளியலும் சாப்பாடும் எந்த ஷிப்டிலும் உண்டு. குளிக்கும் முன் பத்து நிமிடம், சாப்பிட்டபின் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் குறையும்.

இரண்டாவது, துணை தேடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து காத்திருந்தால் சோம்பல் தானே ஓடிவிடும். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். பத்து முறை செய்தால் தொடை சொல்லும்.

மூன்றாவது, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நடந்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். லண்டனில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிய செயல் ஒன்று பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை. ஆகவே, ஒரு நாள் தவறினால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மறுநாள் தொடருங்கள்.

இனிப்புநீருக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

நேரம் தானாக வராது, அன்பர்களே. நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றிரவு சாப்பிட்டு எழுந்ததும், தொலைக்காட்சியின் முன் உட்காருவதற்குள், வாசலில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். முதல் கோட்டை இன்றே போட்டுவிடலாம்.