மனத் துயரை மதிப்பெண்ணால் அளக்கலாமா?

வந்தவாசியிலிருந்து ஆரணி வழியாக வேலூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் கணியம்பாடியைக் கடந்துதான் போகவேண்டும். சாலையோரத்துச் சிற்றூர்தான், ஆனால் மருத்துவ உலகில் பலரும் அறிந்த பெயர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் இந்த ஒன்றியத்தில் ஏறத்தாழ 1,08,000 மக்களிடையே நிகழும் இறப்புகளை வீடுவீடாகச் சென்று கேட்டுப் பதிவு செய்து வந்தனர். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு படித்தோரைத் திடுக்கிட வைத்தது. 10 முதல் 19 வயதுள்ளோரில், ஆண்டுக்கு லட்சத்துக்குப் பெண்கள் 148 பேரும் ஆண்கள் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தனர்.

இது இறந்தபின் வீட்டாரைக் கேட்டு எடுத்த கணக்கு. உயிரோடிருக்கும்போதே உரியவரைக் கேட்டு, ஆபத்தை முன்கூட்டி அறிய முடியாதா? உளவியல் வினாப்பட்டியல்கள் இந்த எண்ணத்தில்தான் பிறந்தன.

அமெரிக்க உளநோய் மருத்துவர் ஆரன் பெக் 1974-இல் ஒரு பட்டியலை அமைத்தார். அவர் அளக்க விரும்பியது துக்கத்தை அன்று, நம்பிக்கையின்மையை. எதிர்காலத்தைப் பற்றிய 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று குறியிட வேண்டும். மதிப்பெண் 0 முதல் 20 வரை வரும். தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரை அவரும் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 1985-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 14 பேர் பின்னாளில் தற்கொலையால் இறந்தனர். அப்பட்டியலை நிரப்பியிருந்தவர்களைப் பார்த்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே 10-உம் அதற்கு மேலும் பெற்றிருந்தது தெரிந்தது.

இன்று கல்லூரிகளில் அதிகம் புழங்குவது வேறொன்று: 2001-இல் வெளியான, ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் பட்டியல். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா, எதிலும் நாட்டமில்லையா என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, 3 என்று மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் மேற்கொண்டு பேசிப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்விதான் இறந்துபோவதைப் பற்றிய எண்ணத்தைக் கேட்பது.

அப்படியானால் எல்லாக் கல்லூரிகளிலும் தாளைக் கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்துவிடலாமே என்று தோன்றும். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்; ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கத்துக் கல்லூரிகளில் 10,000 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். கணியம்பாடிக் கணக்கை ஒட்டி, ஆண்டுக்கு 10 பேர் உயிரிழக்கும் ஆபத்து உண்டு என்றே மிகையாக வைத்துக்கொள்வோம். நம் தாள் அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேரைச் சரியாகக் காட்டிக் கொடுக்கிறது. மற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை ‘பயமில்லை’ என்று சரியாகவே ஒதுக்குகிறது. உண்மையில் இவ்வளவு நல்ல தாள் கிடைப்பது அரிது.

விடை என்ன? ஆபத்தில்லாத 9,990 பேரில் 999 பேர் மீதும் சிவப்புக் குறி விழும். எட்டுப் பேரையும் சேர்த்தால் 1,007. ஆக, குறி விழுந்த ஏறத்தாழ 125 பேரில் ஒருவருக்குத்தான் அந்த ஆபத்து உண்மை. மீதி இருவர் ‘பயமில்லை’ என்று கட்டி வைத்த தாள்களுக்குள் கிடப்பார்கள்! ஆபத்து இதைவிட அரிதாக இருந்தால் விகிதம் இன்னும் மோசமாகும்.

பெக்கின் பட்டியல் மருத்துவமனையில் நன்றாக வேலை செய்ததன் காரணமும் இப்போது விளங்கும். அங்கே 207 பேரில் 14 பேர், ஏறத்தாழ பதினைந்துக்கு ஒருவர். வாளி நீரில் மீனைத் தேடுவது வேறு, ஏரியில் தேடுவது வேறு. ஆல்பர்ட் ரோசன் என்ற உளவியலாளர் இந்தக் கணக்கை 1954-இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை ஒன்று, தனித்தனிக் காரணிகளைக் கொண்டு முன்கூட்டிச் சொல்வது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சிறிதளவே மேல் என்றது. எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று பிரிட்டனின் ‘நைஸ்’ என்னும் மருத்துவ வழிகாட்டு அமைப்பும் 2022-இல் கூறிவிட்டது.

கணக்கோடு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊர்ப் பக்கம் துயரப்படுகிற பெண் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லமாட்டாள். ‘நெஞ்சு அடைக்குது’ என்பாள்; ‘எங்கனா போயிடலாம்னு இருக்கு’ என்பாள். இந்த இரண்டாவது வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் குறிப்பது? மறுபுறம், தேர்வுத் தாள் கடினமாக இருந்தாலே ‘செத்தேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிற வழக்கமும் நமக்கு உண்டு. அதனால்தான் தமிழாக்கிய பட்டியலை வேறொருவரைக் கொண்டு மறுபடி மூலமொழிக்கு மாற்றிப் பொருள் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். அதன்பின்னும் ‘நல்லது நடக்குமென எதிர்பார்ப்பது வீண் அல்ல’ என்பது போன்ற வாக்கியம் தாளில் இருந்துவிட்டால், அதற்குச் சரியா தவறா என்று குறியிட முதல் தலைமுறைக் கல்லூரி மாணவன் என்ன, பேராசிரியரே சற்றுத் திணறுவார்.

தாளில் பெயர் எழுதச் சொல்வதா வேண்டாமா என்பதும் எளிய கேள்வியன்று. பெயர் இல்லையென்றால் மாணவர்கள் மனம் திறந்து எழுதுவார்கள். ஊரில் எவ்வளவு துயரம் இருக்கிறது என்ற கணக்கு கிடைக்கும். ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு 3 என்று குறியிட்டது யார் என்று தெரியாது. பெயர் கேட்டாலோ, துறைத்தலைவருக்குத் தெரியுமோ, வீட்டுக்குக் கடிதம் போகுமோ என்று அஞ்சி எல்லாவற்றுக்கும் 0 போடுவார்கள். என் கருத்தில், பெயரோடு தாளை வாங்குகிற கல்லூரி, அன்று மாலைக்குள் அதைப் படிக்கவும் அந்த மாணவரோடு தனியே பேசவும் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்திருக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் பெயரைக் கேட்கவே கூடாது.

‘கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிடுமே’ என்று ஆசிரியர்கள் சிலர் தயங்குவதுண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டுப் பார்த்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களிடம் துயரமோ அந்த எண்ணமோ கூடவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களில், கேட்கப்பட்டோரின் தவிப்பு சற்றுக் குறைவாகவே இருந்தது.

ஆகவே தாளை எறிந்துவிட வேண்டியதில்லை. யாருக்கு என்ன நேரும் என்று அது சொல்லாது. இன்று யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அது சொல்லும். குறி விழுந்த 1,007 பேரில் பெரும்பாலோர் உயிராபத்தில் இல்லாதிருக்கலாம். ஆனால் பலருக்குத் தூக்கமில்லை, கடன் தொல்லை, விடுதித் தனிமை, வீட்டில் திருமணப் பேச்சு என்று உதவி தேவைப்படும் ஏதோ ஒன்று இருக்கும்.

எல்லோரையும் அணுகுவது இன்னொரு வழி. 2021-இல் நீட் தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தமிழக மாணவர்களை, யார் ஆபத்தில் என்று பிரித்துப் பார்க்காமல், 104 சேவையின் ஆலோசகர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பணியை அரசு தொடங்கியது. பிளஸ் டூவில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடும் இந்த வகையைச் சேர்ந்ததே. இதற்காகக் குரல் கொடுத்தவர்களில், 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பும் ஒன்று.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் பக்கத்து இருக்கைத் தோழிக்கோ அத்தகைய எண்ணம் வந்திருந்தால், மதிப்பெண் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள்; அறிவுரை கூறாமல் காது கொடுங்கள்; அவரைத் தனியே விடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் கிடைப்பார்கள். 14416 என்ற எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.