கண்ணுக்குத் தெரியாத 13!

ஒரு மருந்துப் புட்டி. உள்ளே மருந்து இருக்கிறது. மேலே ஒட்டிய சீட்டு கிழிந்துபோய்விட்டது. அந்த மருந்தை யாராவது குடிப்பார்களா?

தேசப்படமும் அப்படித்தான். யார் அளந்தார்கள், எந்த வருஷம் அளந்தார்கள், எந்த அளவீடு அடிப்படை என்ற விவரம் இல்லாவிட்டால், படம் இருந்தும் பயன் இல்லை.

அமெரிக்காவில் 1927-ம் ஆண்டு அளவீடு ஒன்று உண்டு. 1983-ம் ஆண்டு அளவீடு இன்னொன்று. இரண்டிலும் ஒரே எண்களைப் போட்டால் ஒரே இடம் வராது. சில பகுதிகளில் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். மண்ணுக்கடியில் காஸ் குழாயைத் தேடுகிறவர் 100 மீட்டர் தள்ளித் தோண்டினால் என்ன ஆகும்?

ஜனாதிபதி உத்தரவு

1994-ம் ஆண்டு ஏப்ரலில் ஜனாதிபதி கிளிண்டன் ஓர் உத்தரவு போட்டார். சர்க்கார் இலாகாக்கள் தயாரிக்கும் புதிய நில விவரங்களுக்கெல்லாம் ஒழுங்கான விவரச் சீட்டு வேண்டும் என்றார். சீட்டுக்கான விதிகளும் அந்த வருஷமே வந்தன.

சீட்டு என்றால் காகிதம் அல்ல. கம்ப்யூட்டரில் எழுதும் நீண்ட பட்டியல். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்தி முடியுமா? திருத்துவதற்கென்றே புரோகிராம்கள் எழுதினார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பீட்டர் ஷ்வைட்ஸர் எழுதிய 'எம்.பி.' அவற்றில் பேர்போனது.

இத்தகைய புரோகிராம்களில் ஒரு விசித்திரம் நடப்பது உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் "சரி" என்று தேறிய சீட்டு, அடுத்த கம்ப்யூட்டரில் "தவறு" என்று திரும்பி வரும்! ஓர் எழுத்துகூட மாறியிராது. பிறகு ஏன்?

மூன்று வீடு, மூன்று வழக்கம்

டைப்ரைட்டரைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலை நடக்க வேண்டும். அச்சடிக்கும் இடம் வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம் ஒரு வரி ஏற வேண்டும். தந்தி அச்சு இயந்திரங்களில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி இருந்தது. கம்ப்யூட்டரும் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. 'திரும்பு' என்பதற்கு எண் 13. 'அடுத்த வரி' என்பதற்கு எண் 10.

விண்டோஸ் வரி முடிவில் இரண்டையும் போடுகிறது. யூனிக்ஸ் 10 மட்டும் போடுகிறது. பழைய மெக்கின்டாஷ் 13 மட்டும் போட்டது.

விண்டோஸில் எழுதிய சீட்டு யூனிக்ஸுக்குப் போகிறது. அங்கே 10 வந்தால் வரி முடிந்தது. மிஞ்சி நிற்கும் 13? அதையும் சொல்லின் கடைசி எழுத்தாகப் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். "மீட்டர் என்று எழுதியிருப்பது மீட்டர் அல்ல" என்று சொல்லும்! எழுதியவர் திரையை உற்று உற்றுப் பார்ப்பார். 13 கண்ணுக்குத் தெரியாது. பாவம், பழி அவர்மேல்!

பழைய மெக்கின்டாஷ் சீட்டு இன்னும் வேடிக்கை. அதில் 10 எங்குமே இல்லை. ஆகவே பட்டியல் முழுவதும் ஒரே வரி!

சத்தம் போடாத பிழை

இவையாவது "தவறு" என்று கூச்சல் போடும். வாயே திறக்காத பிழைதான் ஆபத்து.

நாற்பதரையை அமெரிக்கர்கள் 40.5 என்று எழுதுவார்கள். ஜெர்மானியர்கள் 40,5 என்று எழுதுவார்கள். அவர்களுக்குப் புள்ளி அல்ல, காற்புள்ளி. ஜெர்மன் வழக்கப்படி அமைத்த கம்ப்யூட்டரில், கவனமில்லாமல் எழுதிய புரோகிராம் ஒன்று அமெரிக்கச் சீட்டைப் படிக்கிறது. 40 வரை படிக்கிறது. புள்ளியைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அரை டிகிரி போயிற்று!

வடக்கு தெற்காக அரை டிகிரி என்பது சுமார் 55 கிலோமீட்டர். ஆனால் 40 என்பதும் விதிக்கு உட்பட்ட எண்தானே? "சரி" என்று முத்திரை குத்தி அனுப்பிவிடும்.

வரித் தகராறு இப்போது பெரும்பாலும் குறைந்துவிட்டது. 1998-ம் ஆண்டு வந்த எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்துமுறை, மூன்று வழக்கத்தில் எது வந்தாலும் 10 என்றே கொள்ள வேண்டும் என்று விதித்தது. எண் தகராறுக்கு அப்படி ஒரு விதி போதவில்லை. அதனால் நிபுணர்கள் ஒரே சீட்டைப் பல வகைக் கம்ப்யூட்டர்களில் ஓட்டுகிறார்கள். விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்றில் 40.5 வந்து, இன்னொன்றில் 40 வந்தால், திருத்தும் வரை அந்தப் புரோகிராம் வாசலைத் தாண்டாது.