சிவப்பு முட்டையின் தாத்பரியம்

ஈஸ்டர் திருநாளின் சின்னங்களுள் ஆட்டுக்குட்டி, யாத்திராகமம் கூறும் பாஸ்காப் பலியிலிருந்து வந்தது. பெரிய சனி இரவில் ஏற்றப்படும் பாஸ்காத் திரியோ ஆலய வழிபாட்டிலே பிறந்தது. ஆயின், வேதத்தில் எவ்விடத்தும் விதிக்கப்படாத முட்டை, அவ்விரண்டினும் ஜனங்களுக்குப் பிரியமான சின்னமாக விளங்குவதற்குக் காரணம் யாதென்று விசாரிக்கப் புகுந்தால், குடியானவர் வீட்டு அடுக்களைக்கே நாம் போய்ச் சேருகிறோம்.

மத்தியகால ஐரோப்பாவில் தவக்காலம் முழுவதும் மாமிசத்தோடு முட்டையையும் விலக்குவது நியமமாயிருந்தது. பகற்பொழுது நீளும் அந்த இளவேனிற் காலத்திலேதான் கோழிகள் மிகுதியாக முட்டையிடும்; ஆதலின், உண்ணப்படாமல் சேர்ந்த முட்டைகளை வேகவைத்துக் காத்து, விரதம் முடியும் நாளில் குருவானவரின் ஆசீர்வாதம் பெற்று, குடும்பத்தோடு உண்டார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னரது 1290ஆம் ஆண்டுக் கணக்கில், 450 முட்டைகளுக்கு வண்ணமும் பொற்றகடும் இட 18 பென்ஸ் செலவானதாகக் காண்கிறோம். பசித்திருந்து பெற்ற பண்டமாதலால் அதன் மீது பக்தியும் படிந்தது என்பதே என் துணிபு.

கீழைத் திருச்சபையார் அந்தப் பக்தியை இன்னும் ஆழப்படுத்தினர். மூடிய ஓடு கல்லறை, அதற்குள் உறங்குவது உயிர், மேலே பூசிய சிவப்பு மீட்பரின் இரத்தம் என்று பொருள் கண்டு, கிரேக்க இல்லங்களில் பெரிய வியாழனன்று முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். நள்ளிரவு ஆராதனைக்குப் பின், கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஒருவர் கூற, மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர் மறுமொழி சொல்லி, முட்டையோடு முட்டையை மோதி உடைக்கிறார்கள்.

இம்முட்டை வழக்கங்களும், ஈஸ்டர் முட்டையைக் கொண்டுவரும் முயலின் கதையும் ஈஸ்ட்ரே என்னும் பழைய தேவதையின் வழிபாட்டிலிருந்து வந்தவை என்பாரும் உளர். அத்தேவதையைக் குறிப்பிடும் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, 725ஆம் ஆண்டில் எழுதிய காலகணித நூலில், ஒரு மாதத்தின் பெயருக்கு அவளைக் காரணமாகக் காட்டுகிறாரேயன்றி, முட்டையையோ முயலையோ பேசவில்லை. அம்முயலின் கதை, 1682இல் ஃபிராங்க் வான் ஃபிராங்கனௌ என்னும் ஜெர்மானிய வைத்தியரின் நூலில்தான் எழுத்தில் தெளிவாகத் தென்படுகிறது.

உக்ரைன் நாட்டுப் பெண்களின் கைத்திறனோ தனியே போற்றத்தக்கது. வேகாத முட்டையின் மேல் தேன்மெழுகை உருக்கிக் கோலமெழுதி, மஞ்சள், சிவப்பு, கறுப்பு எனச் சாயங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்த்தி, இறுதியில் சுடரருகே காட்டி மெழுகைத் துடைத்தெடுத்தால், அடுக்கடுக்காக மறைந்திருந்த வண்ணங்கள் யாவும் ஒருசேரப் புலப்படும். சோவியத் ஆட்சியில் ஒடுக்கப்பட்டும் வீடுகளுக்குள் பிழைத்திருந்த இக்கலைக்கு, கொலோமியா நகரில் 2000ஆம் ஆண்டில் முட்டை வடிவிலேயே ஒரு காட்சிசாலை எழுந்தது. 2024இல், யுத்தத்தின் நடுவே, யுனெஸ்கோவும் இதனை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.