நொறுங்கத் தெரிந்த கால்கள்

பள்ளி அறிவியல் விழாக்களில் கூட்டம் சேர்க்கும் போட்டி அது. மூன்றாவது மாடியிலிருந்து பச்சை முட்டையைக் கீழே போட வேண்டும், உடையக் கூடாது. பஞ்சு, உறிஞ்சு குழல், பழைய செய்தித்தாள், நூல் எதை வைத்தும் கூடு கட்டலாம்.

பெரும்பாலோர் முட்டையைப் பஞ்சால் இறுகச் சுற்றுகிறார்கள். தோற்பதும் அவர்கள்தான். கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் முட்டை, தரையைத் தொடும்போது விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் இருக்கும். அது 1 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், 50 கிராம் முட்டை மீது 50 கிலோ மூட்டையை வைத்தது மாதிரி. 10 செ.மீ. தூரத்தில் நின்றால் 5 கிலோதான். ஆக, தேவை மெத்தையல்ல, நசுங்க இடம். ரப்பர் வாங்கிய அடியைத் திருப்பித் தந்து முட்டையை எகிற வைக்கும். மடங்கி நொறுங்கும் குழல்களோ அடியைத் தாமே விழுங்கிவிடுகின்றன.

இதே வித்தையை நம்பித்தான் இஸ்ரோவும் நிலவுக்குப் போனது. விக்ரம் லேண்டரின் கால்களுக்குள் தேன்கூடு வடிவ அலுமினியம் இருக்கிறது. மோதலில் அது நசுங்கும், மறுபடி நிமிராது.

ஆனால் நிலவில் காற்றில்லை, பாராசூட் பயன்படாது. வேகத்தைக் குறைக்க எஞ்சின்களே கதி. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 கோட்டைவிட்டது அங்கேதான். வேகக் குறைப்பு திட்டமிட்ட அளவிலிருந்து விலக, லேண்டர் மோதி நொறுங்கியது. அத்தகைய மோதலை எந்தக் காலும் தாங்காது.

அடுத்த முறை, எதெல்லாம் தவறக்கூடும் என்பதிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கியதாக அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் விளக்கினார். கால்கள் வலுவாயின. தாங்கும் வேகம் விநாடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 ஆனது. பூமியில் நாற்காலி உயரத்திலிருந்து குதிக்கும் வேகம்தான் இது! எரிபொருளும் கூடியது. 500 மீட்டர் சதுரமாக இருந்த தரையிறங்கும் பரப்பு, 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என விரிந்தது.

முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லுக்கும் நிலவுப் பயணத்தில் பங்குண்டு. சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண், அம்மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத் தயாரானது.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இன் விக்ரம் தரையிறங்கியபோது வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. செப்டம்பர் 3 அன்று விஞ்ஞானிகள் எஞ்சினை மீண்டும் இயக்கி அதை 40 செ.மீ. எழுப்பினார்கள். சற்றுத் தள்ளி, அதே கால்களில் மறுபடி இறங்கி நின்றது விக்ரம்.