மாப்பிள்ளை கோட்டுக்கு எந்த நிறம்?

பட்டுச்சேலை எடுக்கப் போகும் அம்மாக்கள் சேலையைக் கடை வாசல்வரை கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார், அது காலங்காலமான வழக்கம். அதே குடும்பம் மாப்பிள்ளைக்கு ரிசப்ஷன் கோட் எடுக்கும்போது மட்டும் ஏசி அறையில், ஆளுயரக் கண்ணாடி முன்னால், கூரை விளக்குக்குக் கீழே நின்றபடியே முடிவெடுத்துவிடுகிறது. "பொண்ணு சேலை மெரூன், மாப்பிள்ளைக்கும் மெரூனே எடுத்துடலாம்" என்பார்கள். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அச்சு அசலாக ஒரே நிறம். மண்டபத்தில் மேடையேறினால் சேலை மெரூனாகவே இருக்கும், கோட் காப்பிப்பொடி நிறத்துக்குப் போயிருக்கும். ஆல்பத்தில் அது மூன்றாவதாக ஒரு நிறம் காட்டும்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை, சாயமும் வெளுக்கவில்லை. நம் கண் நிறத்தைக் கணக்குப் போடும் விதமே இப்படித்தான்.

விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. அவை சுமாராக 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களில் அதிகம் தூண்டப்படுகின்றன. ஒரு துணியிலிருந்து வரும் ஒளியில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை எத்தனையோ அலைநீளங்கள் ஏற்ற இறக்கத்தோடு கலந்திருக்கும். ஆனால் மூளைக்குப் போய்ச் சேரும் தகவல் மூன்றே எண்கள்தான். அதனால் முற்றிலும் வேறான இரண்டு ஒளிக்கலவைகள் ஒரே மூன்று எண்களைத் தந்துவிட முடியும். அப்போது கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். விளக்கை மாற்றினால் கலவை மாறும், எண்களும் பிரிந்துவிடும். விஞ்ஞானிகள் இதை மெட்டாமெரிசம் என்கிறார்கள்.

பட்டும் கோட் துணியும் இதில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டு புரத இழை. அதற்குப் பெரும்பாலும் அமிலச் சாயங்கள்தான் ஏறும். கடைகளில் அதிகம் விற்கும் கோட் துணியோ பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், விஸ்கோஸுக்கு ரியாக்டிவ் சாயம் என்று தனித்தனியாக வேண்டும். ஆக, சேலையின் மெரூனும் கோட்டின் மெரூனும் வெவ்வேறு மூலக்கூறுகளின் வேலை. ஒரு வெளிச்சத்தில் அவை பொருந்தலாம். எல்லா வெளிச்சத்திலும் பொருந்துவது அபூர்வம்.

திருப்பூர் சாயத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாட விஷயம். ஏற்றுமதி ஆர்டருக்கு ஷேட் பார்க்கும் இடத்தில் உள்பக்கம் சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி இருக்கும், லைட் பாக்ஸ் என்பார்கள். பையர் அனுப்பிய துண்டையும் தாங்கள் சாயமேற்றிய லேப் டிப் துண்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவார்கள். முதலில் பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கு, அடுத்து ஐரோப்பியக் கடைகளில் பரவலாக இருந்த டிஎல்84 குழல்விளக்கு, அதன்பின் பழைய இழைவிளக்கின் மஞ்சள் ஒளி. ஒன்றில் நிறம் விலகினாலும் சாயக் கலவையைத் திருத்த வேண்டிவரும். ஒரு சாதாரண பனியனுக்கு எடுக்கும் இந்தக் கவனத்தைப் பெரும் பணம் போட்டு எடுக்கும் கல்யாண கோட்டுக்கும் எடுக்கலாமே.

மண்டப விளக்கு இன்னொரு சிக்கல். இன்றைய வெள்ளை எல்இடி என்பது உள்ளே ஒரு நீல எல்இடி, அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பாஸ்பர் பூச்சு. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமனோ, நகாமுரா ஆகியோருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரச் செலவு பெரிதும் குறைந்தது. ஆனால் மலிவான எல்இடிகளின் ஒளியில் அடர் சிவப்பு குறைவு. பல்பின் அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. அந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிற மாதிரிகளின் சராசரி. அடர் சிவப்பு அதில் சேர்த்தியில்லை, ஆர்9 என்று தனியாக வைத்திருக்கிறார்கள். எனவே 80 வாங்கிய விளக்கும் மெரூனையும் ஒயினையும் சாகடித்துவிடலாம். மாப்பிள்ளை அழைப்பில் சுழலும் வண்ண விளக்கு நீலத்துக்கு மாறும்போது மெரூன் கோட் ஏறக்குறைய கருப்பாகவே தெரியும். திருப்பி அனுப்பச் சிவப்பே அந்த ஒளியில் இல்லை.

விளக்கைச் சரிசெய்தாலும் பக்கத்தில் நிற்பவரின் உடை நிறம் என்று ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்து நிறம் செய்யும் இந்த மாயத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஒரு வேதியியலாளர். பிரான்ஸின் மிஷெல் ஷெவ்ரல் 1824-ல் பாரிஸில் உள்ள கோப்லான் அரச நெசவாலையின் சாயப் பிரிவுக்கு இயக்குநரானார். கருப்புச் சாயம் சரியில்லை, நீலத் திரைச்சீலைகளில் நிழலுக்காகப் போடும் கருப்பு எடுபடவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் மற்ற ஊர்களின் சிறந்த பட்டறைகளிலிருந்து கருப்புக் கம்பளி நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். கோப்லான் நூல் எதற்கும் சளைத்ததில்லை. குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்திலிருந்த நீலத்தில் இருந்தது. ஒரு நிறத்தை உற்றுப் பார்க்கும்போது அதன் எதிர்நிறச் சாயலைக் கண் பக்கத்து இடத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. நீலத்தின் எதிர்நிறமான ஆரஞ்சு படிந்து கருப்பு துருவேறியதுபோல் தெரிந்திருக்கிறது. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 1839-ல் அவர் இதை ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். ஓவியர்கள் அதைத் தேடிப் படித்தார்கள்.

ஷெவ்ரலின் விதியை நம் மேடைக்குக் கொண்டுவாருங்கள். பெண் ராயல் நீல லெஹங்காவில் இருந்தால் பக்கத்தில் கருப்பு கோட் பழசாகத் தெரியும். சிவப்புப் பட்டுக்குப் பக்கத்தில் மெரூன் கோட் மங்கும், ஏனென்றால் நெருங்கிய நிறங்களுக்கு இடையிலான சிறு வித்தியாசத்தையும் கண் பெரிதாக்கிக் காட்டும். அதே சிவப்புக்குப் பக்கத்தில் கரும்பச்சை நின்றால் இரண்டும் துலங்கும். என்னைக் கேட்டால் 'மேட்சிங்' என்று கோட்டையே சேலை நிறத்தில் எடுப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தேர்வு. கோட்டை வேறு நிறத்தில் எடுத்துவிட்டு, ரவிக்கைத் துணியில் மிச்சமானதில் டையோ பாக்கெட் கர்ச்சீப்போ தைத்துக்கொள்ளலாம். அதே துணி, அதே சாயம் என்பதால் எந்த விளக்கிலும் சேலையோடு ஒத்துப்போகும்.

கருப்பு கோட்டில் வேறு ஒரு விஷயம். கருப்பாகத் தெரியும் பல செயற்கைத் துணிகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை நன்றாகவே திருப்பி அனுப்புகின்றன. கேமராவின் சென்சாருக்கு அந்தக் கதிர்கள் தெரியும். அதனால்தான் சென்சார் முன்னால் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். 2006-ல் வந்த லைகா எம்8 கேமராவில் அந்த வடிகட்டி மெலிதாக இருந்தது. கருப்பு பாலியஸ்டர் உடைகள் படத்தில் ஊதாச் சிவப்பாக விழுந்தன. நிறுவனம் வாங்கியவர்களுக்கு லென்ஸில் மாட்டும் தனி வடிகட்டிகளை இலவசமாக அனுப்ப வேண்டியதாயிற்று. இன்றைய கேமராக்களில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனாலும் கருப்பைவிட மிட்நைட் ப்ளூ எனப்படும் கருநீலம் எனக்கு நல்ல தேர்வாகத் தோன்றுகிறது. மஞ்சள் விளக்கில் சாதாரணக் கருப்பு பழுப்பாகவோ பச்சையாகவோ தட்டும், கருநீலமோ கருகருவென்று நிற்கும். பின்னாளில் எட்டாம் எட்வர்ட் மன்னராகவும் பிறகு விண்ட்சர் கோமகனாகவும் ஆன பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்ட் 1920-களில் மாலை நேர உடைக்குக் கருநீலத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரபலமாக்கினார்.

வெயில் காலத்தில் கருப்பு போட்டால் புழுங்கும் என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். மண்டபத்துக்குள் வெயில் கிடையாது. உடல் வெப்பத்தை வெளியே விடுவதில் கருப்புத் துணிக்கும் வெள்ளைத் துணிக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. புழுக்கத்துக்குக் காரணம் கோட்டின் உள்ளே முழுக்க வைத்துத் தைக்கும் பாலியஸ்டர் லைனிங். டெய்லரிடம் பாதி லைனிங் போதும் என்று சொன்னாலே பாதித் தொல்லை தீரும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. "தம்பி கொஞ்சம் கருப்பு, டார்க் எடுக்காதீங்க", "லைட் கலர் போட்டாத்தான் முகம் பளிச்சுனு தெரியும்" என்று மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே பேசுவதைக் கேட்காதவர் இல்லை. ஆசையாக எடுத்த துணியை அவர் பேசாமல் திருப்பி வைத்துவிடுவார். இந்தப் பேச்சுக்கு அறிவியலில் இடமே இல்லை. மனிதத் தோலின் நிறத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக மெலனினும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும். யாருடைய தோலாக இருந்தாலும் நீல ஒளியைக் குறைவாகவும் சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும் திருப்பி அனுப்பும். அதாவது நிறவட்டத்தில் நாம் எல்லோருமே ஆரஞ்சு மஞ்சள் பக்கத்தில்தான் இருக்கிறோம். வேறுபாடு பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவில்தான். எதிர்ப்பக்கத்தில் நீலம் இருப்பதால்தான் நேவி ப்ளூ ஏறக்குறைய எல்லா முகங்களுக்கும் பொருந்துகிறது.

வெள்ளை கோட் முகத்தைப் பளிச்சென்று காட்டும் என்பது படத்தில் தலைகீழாகக்கூட நடக்கும். கேமராவின் தானியங்கி அளவீடு, காட்சியின் சராசரியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளை கோட் இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகமும் சேர்ந்து இருண்டுபோகும். முகத்தைக் கண்டுபிடித்து அளக்கும் புதிய கேமராக்களில் இது குறைவு, நல்ல புகைப்படக்காரர் கையாலேயே சரிசெய்துவிடுவார். வண்ண ஃபிலிம் காலத்தில் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் லேப்களுக்குக் கொடுத்த 'ஷெர்லி கார்டு'களில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் படமே இருந்தது. அந்தத் தோலுக்குச் சரியாக வரும்படியே பிரிண்ட் போட்டார்கள். கருத்த முகங்கள் படத்தில் சரியாக விழாததில் அந்தத் தொழில்நுட்பத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே கோட் எடுக்கப் போகும்போது பெண்ணின் சேலைத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை, முடிந்தால் மண்டபத்து மேடையில் விளக்கைப் போடச் சொல்லி ஒருமுறை, இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கோட்டும் பேன்ட்டும் ஒரே தானிலிருந்து வெட்டச் சொல்லுங்கள், வேறு லாட் என்றால் ஷேட் மாறும். மாப்பிள்ளை கருநீலமோ கரும்பச்சையோ ஆசைப்பட்டுக் கையில் எடுத்தால், அவர் தோல் நிறத்தைச் சொல்லி அதைத் தடுத்துவிடாதீர்கள்.