கம்பைத் தாண்டிய கால்

சென்னையிலிருந்து மூன்று நாள் கடற்பிரயாணம் செய்து வந்த கப்பல் அந்தமானில் போர்ட் பிளேயரின் ஹேடோ துறையில் கட்டப்பட்டு, ஜனங்களெல்லாம் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், எழுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர், ஏணிப்படி முடிந்து சிமெண்டுத் தரை தொடங்கும் இடத்தில், பாதத்தில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டதைக் கண்டேன். உடம்பு முன்னே சாய்கிறது, வலக்கை நடுங்குகிறது, கால் மட்டும் எழவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த அவசரப்படுத்த அவர் கால்கள் இன்னும் இறுகின. கூட வந்த பேரப்பிள்ளை அவர் கையிலிருந்த தடியை வாங்கிப் பாதத்துக்கு முன்னே குறுக்காகக் கிடத்தி, “தாத்தா, கம்பைத் தாண்டுங்க” என்றான். பெரியவர் அதைப் பார்த்தார், காலைத் தூக்கினார், தாண்டினார், பிறகு பத்துப் பன்னிரண்டு அடி தடையின்றி நடந்தே போனார்.

நம் பழைய வைத்தியம் கம்பவாதம் என்று அறிந்திருந்ததும், 1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரிவாக எழுதியதால் அவர் பெயரையே பெற்றதுமான நோய் அந்தப் பெரியவருக்கு. அந்த நோயில், மூளைத்தண்டின் உச்சியிலுள்ள கரிய நிறப் பகுதியொன்றில் டோப்பமின் என்னும் ரசாயனத்தைத் தரும் அணுக்கள் சிறுகச் சிறுக மடிகின்றன. நாம் நினையாமலே நடக்கிறோமே, அந்த நினையாத நடைதான் பழுதாகிறது. கண்ணுக்கு எதிரே ஒரு கோடோ கம்போ வந்துவிட்டால், அதைத் தாண்டும் காரியத்தை மூளை கவனத்தோடு, வேறு வழியாக நடத்திக்கொள்கிறது. அந்தப் பையன் தன் தாத்தாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட சூட்சுமம் அதுவே.

மருந்து உண்டு, அதில் நம்மவர் பங்கும் உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் அம்மருந்தைத் தாமோதரனும் இராமசாமியும் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடத்தில் 1937-இல் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சன் நோய்க்கு உறுதியான சிகிச்சையாக நிலைபெற மேலும் முப்பது வருஷம் ஆயிற்று. ஆயினும் விறைப்பைத் தளர்த்தும் அந்த மருந்து, நோய் முதிர முதிர, கால் உறைவதையும் நிலை தடுமாறுவதையும் முழுதும் தீர்ப்பதில்லை. ஆகையால் நடைப் பயிற்சியும், அண்மைக் காலத்தில் அதனோடு சேர்த்து மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டும் முறைகளும் ஆராயப்படுகின்றன.

அவற்றுள் ஒன்று, 1985-இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய காந்தத் தூண்டல். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும். மற்றொன்று, உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் பொருத்தி, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தை ஏறக்குறைய இருபது நிமிஷம் செலுத்துவது. அதன் கருவி கையடக்கமானது. இந்த மெல்லிய மின்சாரம் தானே காலை ஆட்டிவைப்பதில்லை. மூளை அணுக்களை எளிதில் விழித்தெழும் நிலைக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. ஓதம் ஏறும் நேரம் பார்த்து டிங்கி என்னும் சிறு படகைத் தள்ளுகிற மீனவர், அதே தோள்வலிமையில் அதை எளிதாக மிதக்கவிடுகிறார் அல்லவா? தள்ளாத டிங்கி ஓதம் ஏறினாலும் கரையை விட்டுப் போவதில்லை. நடக்கும்போதோ நடக்கப்போகும் தறுவாயிலோ மின்சாரத்தைத் தருவதன் காரணம் இதுதான்.

பலன் என்ன? சில ஆராய்ச்சிகளில் நடை வேகம் கூடியது. வேறு சிலவற்றில், மின்சாரம் பாய்வதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டு, அதே நடைப் பயிற்சியைப் பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். இதைக் கேட்டுச் சோர்வடைவோர் உண்டு. எனக்கோ இதில் பெரிய நம்பிக்கை பிறக்கிறது. இரு சாராரும் தேறினார்கள் என்றால், இரு சாராருக்கும் பொதுவாக இருந்தவற்றில் நடைப் பயிற்சி முக்கியமானது அல்லவா? மின்சாரத்தின் பங்கு மேலும் தெளிவாகட்டும். அதுவரை யாரும் கடையில் வாங்கிய பாட்டரியைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டாம். நடையைத் தொடங்குவதற்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் அந்தப் பயிற்சியைப் பெறுவது இங்கே எளிதன்று. 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று வழங்கும் போர்ட் பிளேயரிலிருந்து சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில் ரப்பர்த் தோட்ட வேலைக்கென்று இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்து முதியவர் ஒருவருக்கோ, போர்ட் பிளேயர் வருவதே ஒரு கடற்பிரயாணம். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி என்று சென்னை வைத்தியர் எழுதிக்கொடுத்தால் அவர் எங்கே போவார்? ஆனால் 2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைத்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கண்ணாடியிழைக் கம்பி கடலடியில் வந்துவிட்டது. மின்தூண்டல் கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு காணொளி மேற்பார்வையில் பயன்படுத்தும் முறை வெளிநாடுகளில் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. கருவி வருகிறபோது வரட்டும். நடையைக் கவனித்துத் திருத்தும் பயிற்சியாளர் ஒருவரை அந்தக் கம்பி வழியே இன்றே இங்கு கொண்டுவரலாம். அரசாங்கம் இதை உடனே செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துறையில் நான் கண்ட அந்தப் பெரியவரின் வீடு போர்ட் பிளேயரின் ஜங்கிளிகாட்டில். ஒரு மாதம் கழித்துப் போயிருந்தேன். வாசலில் கோலம் போட்டு முடித்த கையோடு மருமகள் சுண்ணக்கட்டியால் தாழ்வாரம் நெடுக முழத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடு இழுத்தாள். பெரியவர் மருந்து உண்டு அரைமணி கழித்து நடக்கத் தொடங்க, பேரன் பக்கத்தில் நின்று எண்ணினான். ஏழாவது கோட்டில் கால் நின்றுவிட்டது. அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை; “மெதுவா, தாத்தா” என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தான். பெரியவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால் எழுந்தது. “எட்டு” என்றான் பேரன்.