குறிப்பாணை கையில் வந்த அன்று

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசிப் பாடவேளை முடிந்து வகுப்பை விட்டு வெளியே வந்தபோது, அலுவலக உதவியாளர் ஓர் உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உள்ளே இருந்தது விதி 17(ஆ)இன் கீழ் எனக்கு வழங்கப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நான் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த ஏழு மாதங்களில் விலையில்லா நோட்டுப் புத்தகங்களின் இருப்பில் குறைவு ஏற்பட்டதாகவும், இருப்புப் பதிவேட்டை நான் முறையாகப் பராமரிக்கவில்லை என்றும் அதில் இருந்தது. 15 நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

22 ஆண்டுப் பணியில் எனக்கு அப்படி ஒரு தாள் வந்ததே இல்லை. அன்றிரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கினேன். விளக்கக் கடித மாதிரி ஒன்று கிடைத்தது. பணிவான மொழியில் நன்றாகவே இருந்தது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி எழுதி வைத்தேன். “என் கவனக்குறைவால் நேர்ந்த இத்தவறைப் பொறுத்தருள வேண்டுகிறேன்” என்று அது முடிந்தது.

மறுநாள் அதை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “டீச்சர், இதை அனுப்பிடாதீங்க. முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க” என்றார். அவர் சொன்னபடி மதுரையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். என் கடிதத்தின் கடைசி வரியைப் பேனாவால் வட்டமிட்டார் அவர். “இந்த ஒரு வரி போதும் மேடம். குற்றத்தை ஒப்புக்கொண்டார்னு எழுதி முடிச்சிடலாம்” என்றார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். பொறுப்பேற்ற அன்று இருப்பை எண்ணிக் கையெழுத்திட்டு வாங்கினீர்களா? குறிப்பாணையின் இணைப்பில் சொல்லியிருக்கும் ஆவணங்களின் நகல் உங்களுக்குத் தரப்பட்டதா? இரண்டுக்கும் என் பதில் ‘இல்லை’. அந்த இரண்டு கேள்விகளையும் என் கைப்பேசி என்னிடம் கேட்கவில்லை.

அந்த 15 நாட்களில் நான் கற்றுக்கொண்டவை நம்மில் யாருக்கும் எப்போதாவது தேவைப்படலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இணையத் தகவல் எங்கே தவறுகிறது?

முதலாவது, அது யாருக்கான சட்டம் என்பது. ஒழுங்கு நடவடிக்கை பற்றித் தேடினால் ‘விதி 14’, ‘விதி 16’ என்று நிறைய வரும். அவை மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள். தமிழ்நாட்டு அரசு ஆசிரியருக்குப் பொருந்துவது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள். அதில் 17(அ) சிறு தண்டனைகளுக்கு, 17(ஆ) பெருந்தண்டனைகளுக்கு. நடைமுறையும் காலக்கெடுவும் இரண்டு விதித்தொகுப்புகளிலும் ஒன்றல்ல.

இரண்டாவது, அது எந்த ஆண்டுச் சட்டம் என்பது. இதற்குத் தனியார் பள்ளி ஆசிரியர்களின் பணிக்கொடை நல்ல எடுத்துக்காட்டு. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஆசிரியர் ‘ஊழியர்’ அல்லர் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே கூறியது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பிடித்திருக்கிறது. ஆனால் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் இணையத்தில் அப்படியே கிடக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு ‘நமக்குக் கிடைக்காது’ என்று ஒதுங்குபவர் தமக்கு உரிய பணத்தை இழப்பார்.

மூன்றாவது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. ‘குறிப்பாணையை நீதிமன்றம் ரத்து செய்தது’ என்ற செய்தியைப் பார்த்தவுடன் நாமும் வழக்குப் போடலாம் என்று தோன்றும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலையிலேயே நீதிமன்றம் பொதுவாகத் தலையிடக் கூடாது, மிக அரிதான சூழலில் மட்டுமே தலையிடலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நாம் படித்த செய்தி அந்த அரிதான ஒன்றாக இருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவை இல்லாத தீர்ப்புகளையும் உள்ளதுபோலச் சொல்வதுண்டு. அப்படிக் கிடைத்த போலித் தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கே நீதிமன்றம் அபராதம் விதித்தது.

இதனால் இணையமே வேண்டாம் என்று பொருளில்லை. விதிகளின் மூலப்பகுதியையும் அரசாணைகளையும் படிக்கவும், நம் வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்க்கவும் அது பேருதவி. நம் தாள்களைப் படித்து நம்மிடம் கேள்வி கேட்கும் வேலையை மட்டும் அதனால் செய்ய முடியாது.

எந்தக் கதவைத் தட்டுவது?

மாநில அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்க 1988இல் அமைந்த தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் 2006இல் கலைக்கப்பட்டது. பழைய கட்டுரைகள் இன்னும் அங்கே போகச் சொல்லும். இன்று துறைக்குள் மேல்முறையீடு செய்து, அதன் பிறகும் தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வதே வழி. தென் மாவட்டங்களுக்கும் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, கரூர் பகுதிகளுக்கும் மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை.

தொழிலாளர் நீதிமன்றம் நம் இடம் அன்று. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. பின்னர் 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தில் வந்தது.

இன்னொன்று, காலம். மனுமேல் மனு கொடுத்துக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் உண்டு. காலம் கடந்த கோரிக்கைக்கு ஒரு மனுவால் புது உயிர் வந்துவிடாது என்று 2008இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே, உச்ச நீதிமன்றம் கூறியது. ஆணை கைக்கு வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உறையையும் தூக்கி எறியாதீர்கள்.

வழக்கறிஞரைத் தேடும்போது

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்க விதி இடம் தருவதில்லை. பெயர், முகவரி, பதிவு எண், எந்த வகை வழக்குகள் போன்ற விவரங்களை மட்டும் தங்கள் தளத்தில் தரலாம். வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு நட்சத்திர மதிப்பெண் போடும் தளங்களை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. எனவே தேடலில் முதலில் வருபவர் திறமையில் முதல்வர் என்று எண்ண வேண்டாம்.

பணி சார்ந்த வழக்கு நடத்தி முடித்த சக ஆசிரியர்களைக் கேட்பதே நல்ல தொடக்கம். சங்கப் பொறுப்பாளர்களுக்கும் சிலரைத் தெரிந்திருக்கும். பெயர் கிடைத்ததும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரை வைத்துத் தேடினால் அவர் நடத்தும் வழக்குகள் தெரியும். உரிமையியல் வழக்குகளில் பெயர் பெற்றவருக்குப் பணி விதிகள் பழக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

போகும்போது நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். குறிப்பாணை, இணைப்புகள், பொறுப்பேற்பு ஆணை, பதிவேட்டு நகல்கள் வேண்டும். நமக்குப் பாதகமானதையும் மறைக்கக் கூடாது. அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இதுபோன்ற வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? இப்போது வழக்குத் தேவையா, விளக்கம் மட்டும் போதுமா? தோற்றால் அடுத்தது என்ன? கட்டணம் மொத்தம் எவ்வளவு, எப்போது? ‘ஜெயித்தால் இவ்வளவு பங்கு’ என்று பேசுவது விதிப்படி கூடாது. ‘நிச்சயம் ஜெயிக்கலாம்’ என்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். மூல ஆவணங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இது எனக்கே அன்று தெரியாது.

என் கதைக்கு வருகிறேன். விளக்கத்துக்கு முன், ஆவண நகல்களும் கூடுதல் அவகாசமும் கேட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். நகல்கள் வந்தன. இருப்புப் பதிவேட்டில் குறைவு தொடங்கிய பக்கம், நான் பொறுப்பேற்பதற்கு நான்கு மாதம் முந்தையது. விசாரணையில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். முதல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்காததற்குக் கண்டனம் வந்தது. அது நியாயம்தான். எண்ணிப் பார்க்காமல் பொறுப்பேற்றது என் பிழை.

இப்போது எந்தப் பொறுப்பை ஏற்றாலும் எண்ணிய பிறகே கையெழுத்திடுகிறேன்.